எதிர்பார்ப்பும் நன்றியும்

(எமது இந்து இளைஞர் மன்றத்தின் ஆண்டு விழாவிலே பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



வயதிலும் அநுபவத்திலும் என்னிலும் எவ்வளவோ மூத்தவர்கள் முன்னிலையில் நன்றியைப் பற்றிப் பேசுவதற்கு எனக்குத் தகுதி உண்டோ என்ற ஐயம் இன்னும் என்னை விட்டபாடில்லை. காடு வெட்டி இவ்வூரை ஆக்கியவர்கள் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். இடம்பெயர்ந்து அலைந்து, மீண்டும் வந்து இதே வளவில் கிணறு இறைத்து வாழ்பவர்கள் இருக்கிறார்கள். ஆயினும், நன்றி மறந்தவர்களுள் ஒருவர் என்ற முறையிலே பேச எனக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை மட்டுமே கையில் எடுத்துக்கொண்டு உங்கள் முன் நிற்கிறேன்.

சென்ற விடுமுறையிலே வீட்டுக்கு வந்திருந்தேன். ஒரு நாள் மாலை மின்சாரம் நின்றுவிட்டது. அரை மணித்தியாலம் இருக்கும். கைத்தொலைபேசியில் மின்னேற்றம் குறைந்து கொண்டிருந்தது, காற்றாடி நின்றுவிட்டது. நான் திண்ணைக்கும் படலைக்கும் இடையே நடந்து நடந்து முறைப்பட்டுக்கொண்டிருந்தேன். அம்மம்மா ஒன்றும் பேசாமல் சாமி அறையிலிருந்த விளக்கை எடுத்து வந்து நடுக்கூடத்தில் வைத்தார். பிறகு சொன்னார்: "போனா வரும் மோனை. அந்தக் காலத்தில வராமலே இருவது வருசம் இருந்தனாங்கள்."

சபையோரே, அந்த ஒரு வாக்கியம் அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. இருபது வருடம் இல்லாதிருந்த ஒன்று, அரை மணித்தியாலம் நின்றபோது நான் கோபங்கொண்டேன். ஆனால் அது தினந்தோறும் இருபத்துநான்கு மணித்தியாலமும் எனக்கு வெளிச்சம் தந்த நாட்களில் ஒரு நாளாவது மகிழ்ந்தேனா? இல்லை. ஏன் இப்படி? இந்தக் கேள்வியே எனது பேச்சின் பொருள்.

1990 ஆம் ஆண்டிலே யுத்தம் மீண்டும் மூண்டதிலிருந்து 2009 இல் அது முடியும் வரையில், வன்னியின் உட்பகுதிகளுக்கு நாட்டின் மின்சார வலைப்பின்னல் எட்டவில்லை என்பது உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லாத செய்தி. பொருளாதாரத் தடை இருந்த வருடங்களில் மண்ணெண்ணெயே பொன்னாயிற்று. வெறும் ஜாம் போத்தலுக்குள்ளே சிறிது பஞ்சும், அளந்து விட்ட மண்ணெண்ணெயும், ஒரு திரியும் வைத்து விளக்குச் செய்தார்கள். அந்த வெளிச்சத்திலே படித்துப் பரீட்சை எழுதி வைத்தியரானவர்களும் பொறியியலாளரானவர்களும் உண்டு. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவிலிருந்து வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். சவர்க்காரம் கிடையாத போது பனம்பழத்தைப் பிழிந்து துணி துவைத்தார்கள். சீனிக்குப் பதிலாகப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு தேநீர் அருந்தினார்கள். அப்படி வாழ்ந்த வீட்டுக்கு முதன்முதலாக மின்கம்பி இழுக்கப்பட்ட அன்று, அயலட்டை எல்லாம் கூடி நின்று பார்த்ததாகச் சொல்வார்கள். ஆளியை அமுக்கியதும் குமிழ் எரிந்தது, சிறுவர்கள் கைதட்டினார்கள். அதே குமிழ் மறு வருடம் எரிந்தபோது கைதட்ட எவரும் இல்லை. குமிழ் மாறவில்லை, வெளிச்சம் குறையவில்லை. எங்களுடைய எதிர்பார்ப்பே மாறிவிட்டது.

எதிர்பார்ப்பு மனத்தை என்ன செய்கிறது என்பதை விஞ்ஞானிகள் ஆராய்ந்திருக்கிறார்கள். சுவிற்சர்லாந்திலே பணியாற்றிய வுல்பிராம் ஷுல்ற்ஸ் என்னும் அறிஞர் குரங்குகளின் மூளையிலுள்ள சில நரம்புக் கலங்களை அவதானித்தார். அவரும் வேறிருவரும் சேர்ந்து அதன் கருத்தை விளக்கி 1997 ஆம் ஆண்டிலே எழுதிய கட்டுரை உலகப் பிரசித்தி பெற்றது. குரங்குக்கு எதிர்பாராத வகையில் ஒரு துளி பழச்சாறு கொடுத்தால், அந்தக் கலங்கள் துடித்தெழுகின்றன. பிறகு, ஒவ்வொரு முறையும் ஓர் அடையாளத்தைக் காட்டிவிட்டுச் சாறு கொடுக்கிறார்கள். குரங்கு பழகிவிடுகிறது. இப்பொழுது அடையாளத்தைக் கண்டதும் கலங்கள் துடிக்கின்றன; சாறு வரும்போது சும்மா இருக்கின்றன. சாறு அதே சாறு. இனிப்பும் அதே இனிப்பு. அடையாளத்தைக் காட்டிவிட்டுச் சாற்றைக் கொடாமல் விட்டாலோ, அந்தக் கலங்கள் தமது வழக்கமான துடிப்பையும் இழந்து அடங்கிப் போகின்றன.

இதனைக் கணக்குப் புத்தகத்தைப் போல எண்ணிப் பாருங்கள். எதிர்பார்த்தது வந்தால் வரவுப் பக்கத்தில் ஒன்றுமில்லை. எதிர்பார்த்தது வராவிட்டால் செலவுப் பக்கத்தில் முழுத் தொகையும் எழுதப்படுகிறது. இப்படிக் கணக்கெழுதுகிற ஒரு வியாபாரி எவ்வளவு உழைத்தாலும் நட்டத்திலேதான் இருப்பான். அன்று மாலை திண்ணையில் நடந்துகொண்டிருந்த என் நிலையும் அதுவே.

இதற்காக மனத்தை நாம் நிந்திக்க வேண்டியதில்லை. பழக்கம் என்பது இறைவன் தந்த வசதி. மாட்டு வண்டி ஓட்டுபவர் ஒவ்வோர் அடியிலும் சக்கரம் சுழல்வதைக் கண்டு வியந்துகொண்டிருந்தால் வண்டி வாய்க்காலுக்குள் போய்விடும். வயலுக்குப் போகிறவர் பொழுது விடியும் என்று நம்பித்தான் போகிறார். எதிர்பார்ப்பு இல்லையேல் விதைப்பும் இல்லை. ஆகவே எதிர்பார்ப்பை ஒழித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது எங்கள் கண்ணை மறைக்கிறது என்பதை அறிந்து வைத்திருப்போம் என்றே சொல்கிறேன்.

அதிகம் கிடைத்தால் இந்தக் குறை தீருமா? 1978 ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கு விடை தேடிற்று. அதிர்ஷ்டலாபச் சீட்டில் பெருந்தொகை வென்ற 22 பேரையும், பரிசு பெறாத வேறு 22 பேரையும், விபத்தினால் உடல் செயலிழந்த 29 பேரையும் விசாரித்தார்கள். பணம் பெற்றவர்கள் மற்றவர்களிலும் பெரிதாக மகிழ்ச்சி உடையவர்களாகக் காணப்படவில்லை. அதுமட்டுமன்று, நண்பரோடு பேசுவது, பகிடி ஒன்றைக் கேட்டுச் சிரிப்பது, காலை உணவு உண்பது போன்ற சிறு இன்பங்களில் அவர்கள் அடைந்த மகிழ்ச்சி மற்றவர்களிலும் குறைவாகவே இருந்தது. சிறிய ஆய்வுதான், அதனை வேதவாக்காகக் கொள்ள வேண்டியதில்லை. விபத்துக்குள்ளானவர்கள் தம் இழப்பை உணரவில்லை என்று அது சொல்லவும் இல்லை. ஆயினும் ஓர் உண்மையை அது தொட்டுக் காட்டுகிறது. பெரியதைக் கண்ட கண்ணுக்குச் சிறியது தெரியாமல் போய்விடும். பல்கலைக்கழக விடுதியிலே பழகிய நான், வீட்டுக் கிணற்றுத் தண்ணீரின் சுவையை மறந்தது போல.

நான் பள்ளிப் படிப்பை ஒரு மிஷன் பாடசாலையில் பெற்றவன். அங்கே உணவுக்கு முன் எழுந்து நின்று இறைவனுக்கு நன்றி சொல்வது வழக்கம். அவ்வேளையில் என் கண்கள் மூடியிருக்கும். ஆனால் மூக்கோ கறிச் சட்டியின் பக்கம் திரும்பியிருக்கும். அது அந்தப் பிரார்த்தனையின் குற்றமன்று, என் குற்றம். அங்கே கேட்ட கதை ஒன்று இன்றைய பேச்சுக்கு மிகவும் பொருந்தும். இஸ்ரவேலர் பாலைவனத்திலே பசியால் வாடியபோது, காலையில் பனி மறைந்ததும் நிலத்தின் மேல் உணவு கிடந்தது. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்து 'இது என்ன?' என்று கேட்டார்கள். அதனாலேயே அவ்வுணவுக்கு மன்னா என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். பாருங்கள், வியப்பே அதன் பெயராக அமைந்துவிட்டது. ஆனால் நாட்கள் சென்றன. தினமும் அதே மன்னா. எகிப்திலே தின்ற மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் நினைத்து அவர்கள் அழத் தொடங்கினார்கள். அந்த வெங்காயத்தைத் தின்ற காலத்தில் தாம் அடிமைகளாக இருந்தோம் என்பதும் அவர்கள் நினைவுக்கு வரவில்லை.

எங்கள் முன்னோர் இந்தக் குணத்தை நன்கு அறிந்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். ஆகையாலேயே வழக்கத்தின் குறுக்கே சில படலைகளைக் கட்டி வைத்தார்கள். புது நெல்லை அப்படியே உலையிலிடாமல், புதிர் எடுத்து, பூசித்து, பகிர்ந்து உண்டார்கள். பொங்கலன்று சூரியனுக்கும் மறுநாள் மாட்டுக்கும் நன்றி சொன்னார்கள். தான் உண்ணுமுன் காகத்துக்கு ஒரு பிடி வைத்தார்கள். வள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து மழைக்கு ஓர் அதிகாரம் வைத்தார். பதினோராம் அதிகாரத்தைச் செய்ந்நன்றி அறிதலுக்கே ஒதுக்கினார். கண்டி வீதியிலே செல்லும் வாகனங்கள் முறிகண்டிப் பிள்ளையார் முன் நின்று செல்வதும் அத்தகைய படலைதான். அவசரமாகப் போகிறவனையும் ஒரு கணம் இறக்கி, 'இவ்வளவு தூரம் சுகமாக வந்தாய். அதை எண்ணிப் பார்த்தாயா?' என்று கேட்கிறது அந்தச் சிறு கோயில்.

ஆனால் படலையும் பழகிப் போகும். நாங்கள் முறிகண்டியில் இறங்குகிறோம், தேங்காய் உடைக்கிறோம், கச்சான் வாங்குகிறோம், வாகனத்தில் ஏறுகிறோம். பிள்ளையாரை நினைத்தோமா, கச்சானை நினைத்தோமா என்பதை அவரவர் நெஞ்சே அறியும். வைகாசிப் பொங்கலுக்கு முன் வற்றாப்பளை அம்மனுக்குக் கடலிலே தீர்த்தம் எடுத்து உப்பு நீரிலே விளக்கெரிப்பதைக் காண மக்கள் திரளுகிறார்கள். வியக்கிறார்கள், மெய்சிலிர்க்கிறார்கள். வருடத்தில் ஒரு முறை வரும் விளக்கு அது. வீட்டிலே நாள்தோறும் எரியும் விளக்கைக் கண்டு சிலிர்ப்பவர் யார்?

இனி எங்கள் ஊருக்கு வருவோம். வவுனிக்குளம் இல்லையேல் மல்லாவி இல்லை. பாலியாற்று நீரைத் தேக்கி நிற்கும் இக்குளம் மிகப் பழமையானது. நீர்ப்பாசனப் பொறியியலாளராயிருந்த ஹென்றி பார்க்கர் 1909 இல் வெளியிட்ட நூலிலே இதனைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்தது இது என்பது அவர் கொள்கை. உடைந்து காடாகிக் கிடந்த குளம் 1950 களிலே திருத்தப்பட்டது. அதன் கீழ்க் காணி பெற்று வந்தவர்கள் மலேரியாவுக்கும் யானைக்கும் கரடிக்கும் நடுவே காடு வெட்டி வயல் ஆக்கினார்கள். இன்று துருசைத் திறந்தால் வாய்க்காலில் நீர் வருகிறது. ஒரு நாள் பிந்தி வந்தால் கமக்காரர் கூட்டத்திலே குரல் உயர்கிறது. மாரியிலே குளம் நிறைந்து வான் பாயும்போது மட்டும் குடும்பத்தோடு போய்க் கட்டில் நின்று பார்க்கிறோம். அந்தக் கட்டுக்கு மண் சுமந்த கைகள் எத்தனை? அவற்றுள் ஒன்றின் பெயராவது எமக்குத் தெரியுமா? இரண்டாயிரம் வருடத்துக்கு முன் சுமந்தவர்களின் பெயர் தெரியாதது குற்றமன்று. எழுபது வருடத்துக்கு முன் சுமந்தவர்களின் பெயரும் தெரியாமற் போவது குற்றமே.

அடுத்து, நாம் நடந்து வந்த இந்த நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2008 ஆம் ஆண்டிலே இவ்வூரார் அனைவரும் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தோம். அப்போது எனக்கு ஐந்து வயது. யுத்தம் முடிந்த பின் முகாமிலிருந்து மக்கள் துணுக்காய்ப் பகுதிக்குத் திரும்பத் தொடங்கியது 2009 இன் பிற்பகுதியில். அந்நாட்களில் வன்னியெங்கும் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள் நின்றதைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 'ஒற்றையடிப் பாதையை விட்டு இறங்காதே' என்பது சிறுவர்களாகிய எங்களுக்குச் சொல்லப்பட்ட முதற் பாடம். காட்டோரத்தில் பாலைப்பழம் விழுந்து கிடந்தாலும் எடுக்கப் போக முடியாது. அந்த நிலத்திலே முழந்தாளிட்டு, முகத்துக்குக் கவசம் போட்டு, கருவியால் தட்டித் தட்டி, அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறி மிதிவெடி எடுத்தவர்கள் யார்? அவர்களுட் பலர் எங்கள் வன்னிப் பெண்களே. கணவனை இழந்தவர்கள், வீட்டின் ஒரே உழைப்பாளிகள். வெய்யிலிலே ஒரு நாள் முழுவதும் வேலை செய்தாலும் சில சதுர மீற்றருக்கு மேல் நகர முடியாத நாட்கள் உண்டு. இலங்கை 2017 டிசம்பரிலே மிதிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. வடக்கிலே சில இடங்களில் அந்தப் பணி இன்னும் நடைபெறுகிறது.

இன்று எங்கள் சிறுவர்கள் அந்த நிலத்திலே பந்தடிக்கிறார்கள். பந்து பற்றைக்குள் போனால் ஓடிப் போய் எடுக்கிறார்கள். அவர்களுக்கு அச்சமில்லை, இருக்கவும் கூடாது. மண் என்றால் மிதிக்கலாம் என்ற எதிர்பார்ப்பைப் பிள்ளைகளுக்கு மீட்டுக் கொடுத்ததே அந்தப் பெண்களின் சாதனை. இங்கேதான் ஓர் ஆச்சரியம் இருக்கிறது. ஒருவரின் தொண்டு எவ்வளவு பூரணமாக நிறைவேறுகிறதோ, அவ்வளவுக்கு அது மறக்கப்படுகிறது. வெடி வெடித்தால் செய்தி. வெடிக்காத நிலத்தைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

இவ்வளவும் கேட்டபின் உங்களுட் சிலர் மனத்தில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். என்னுடன் படிக்கும் நண்பர் ஒருவர் அதனைக் காரசாரமாகவே கேட்டார்: "மின்சாரம் எங்கள் உரிமை. வீதி எங்கள் வரிப்பணம். உரிமைக்கு எவராவது நன்றி சொல்வார்களா? நன்றி, நன்றி என்று சொல்லிச் சொல்லியே ஏழையின் வாயை அடைத்துவிடுவார்கள்." நான் உடனே மறுமொழி சொல்ல முடியாமல் நின்றேன். ஏனெனில் அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. எங்கள் இதிகாசமே அதற்குச் சாட்சி. கர்ணனிலும் நன்றியுடையவன் யார்? செஞ்சோற்றுக் கடன் என்ற ஒன்றுக்காக, அதர்மம் என்று தெரிந்தும் துரியோதனன் பக்கம் நின்று மாண்டான். நன்றி கண்ணைக் கட்டிவிடவும் கூடும்.

2017 ஆம் ஆண்டு தொடக்கம் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் தாய்மார், காணாமல் ஆக்கப்பட்ட தம் பிள்ளைகளின் படங்களை ஏந்தி வீதியோரத்தில் இருந்து கேட்கிறார்கள். 'வீதிக்குத் தார் போட்டாயிற்று, வெளிச்சம் வந்தாயிற்று, நன்றியோடு வீட்டுக்குப் போங்கள்' என்று அவர்களிடம் சொல்ல எவருக்கு நாக்கு எழும்? எனக்கு எழாது. ஆகையால் நன்றி வேறு, வாய்மூடல் வேறு என்பதைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். நன்றி கொடுத்தவருக்கு உரியது; தடுத்து வைத்திருந்தவருக்கு உரியதன்று. பறித்ததைத் திருப்பித் தருவது தானமாகாது. மின்கம்பத்தில் ஏறியவனுக்கு நான் கடமைப்பட்டவன். அதனால் இருபது வருடம் ஏன் இருளில் இருந்தோம் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லாமற் போகாது.

இன்னும் ஒரு படி மேலே சென்று பார்த்தேன். பழக்கம் நன்மையை மட்டுமா மறைக்கிறது? தீமையையும் மறைக்கிறது. விமான இரைச்சலுக்குப் பழகினோம். பதுங்கு குழிக்குள் சிறுவர்கள் தாயம் விளையாடினார்கள் என்று அம்மா சொல்வார். முகாமிலே தண்ணீருக்காகக் கலனோடு வரிசையில் நிற்பதற்கு ஐந்து வயதுப் பிள்ளையாகிய நானும் பழகினேன். உலகமெங்கும் தண்ணீர் அப்படித்தான் கிடைக்கும் என்று எண்ணினேன். நல்லதைக் கண்டு 'இது எப்படி வந்தது?' என்று கேளாத மனம், கெட்டதைக் கண்டும் 'இது ஏன் வந்தது?' என்று கேட்காது. இரண்டு கேள்விகளுக்கும் வேர் ஒன்றே. இல்லாமையைப் பழகிக்கொள்ள மறுத்தவர்கள் அந்தத் தாய்மார். எட்டு மணிக்குச் சாப்பிட வரும் பிள்ளையை இன்னும் எதிர்பார்த்துச் சோறு எடுத்து வைக்கும் தாயின் எதிர்பார்ப்பு, என் திண்ணை முறைப்பாட்டோடு ஒப்பிடத் தக்கதன்று. என் எதிர்பார்ப்பு பிறர் உழைப்பை மறந்தது. அவர்களது எதிர்பார்ப்பு தம் பிள்ளையை மறவாதது. ஆகவே நண்பருக்கு நான் பின்னர் சொன்ன மறுமொழி இதுதான்: உண்மையான நன்றி கேள்வி கேட்பதை நிறுத்தாது, அது கேள்வியிலிருந்தே பிறக்கிறது.

கேள்வியை மறப்பதற்கு எவ்வளவு காலம் செல்லும்? அதிக காலம் வேண்டாம். 2022 ஆம் ஆண்டை எண்ணிப் பாருங்கள். நாடு முழுவதும் எரிபொருள் இல்லை, எரிவாயு இல்லை, பால்மா இல்லை. மார்ச் மாத முடிவிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் 'நாங்கள் காணாததா?' என்று சிரித்தார்கள். விறகடுப்பைத் திரும்பவும் மூட்டினார்கள். நான் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது, 'இனி ஒரு போத்தல் கிடைத்தாலும் போதும். வாழ்நாளில் முறைப்படேன்' என்று நேர்ந்துகொண்டேன். பின்பு கியூ.ஆர். முறை வந்தது, பெற்றோலும் கிடைத்தது. என் நேர்த்தி எத்தனை நாள் நிலைத்தது என்று கேட்கிறீர்களா? மூன்று நாள். நாலாம் நாள், பங்கு போதாது என்று முறைப்பட்டேன்.

ஆகவே துன்பம் வந்து பாடம் சொல்லட்டும் என்று காத்திருப்பதில் பயனில்லை. துன்பம் சொல்லும் பாடம் துன்பத்தோடு போய்விடுகிறது. நாமாக ஒரு பழக்கத்தை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். எமன்ஸ், மக்கலோ என்னும் இரு உளவியலாளர்கள் 2003 இல் வெளியிட்ட ஆய்விலே, நன்றிக்குரிய சிலவற்றை வாரந்தோறும் எழுதி வந்தவர்கள், தொல்லைகளை எழுதி வந்தவர்களிலும் தம் வாழ்வைப் பற்றி நல்லெண்ணம் கொண்டிருந்தமை காணப்பட்டது. நானும் முயன்று பார்த்தேன். 'உணவு, உடை, குடும்பம்' என்று எழுதினால் இரண்டாம் வாரத்தில் அதுவும் வாய்ப்பாடாகிவிடுகிறது. ஒரே ஒரு பொருளை எடுத்து, அது என் கைக்கு வந்த வழியைப் பின்னோக்கிப் பார்த்தால் மட்டுமே மனம் விழிக்கிறது. காலையில் உண்ணும் பாணை எடுங்கள். விடியுமுன் எழுந்த வெதுப்பகத் தொழிலாளி, லொறிச் சாரதி, கப்பலில் வந்த கோதுமை, எந்த நாட்டிலோ அதை விதைத்த ஒருவன். அவன் எங்களை அறியான். நாங்களும் அவனை அறியோம்.

விரதத்தையும் புதுக் கண்கொண்டு பார்க்கலாம். பசியைத் தாங்கும் வீரத்தைக் காட்டுவதற்கன்று விரதம். எதிர்பார்ப்பை ஒரு நாளைக்கு அவிழ்த்து வைப்பதற்கு அது. கந்த சஷ்டி முடிந்து பாறணை பண்ணும்போது முதற் கவளச் சோற்றின் சுவையை அறிந்தவர்களுக்கு நான் மேலும் விளக்க வேண்டியதில்லை.

இனி மன்றத்திடம் இரண்டு விண்ணப்பங்கள். முதலாவது: மாதத்தில் ஒரு போயா இரவிலே மன்ற மண்டபத்தின் விளக்குகளை அணைத்துவிட்டு, ஒரு ஜாம் போத்தல் விளக்கின் முன் கூடுவோம். காடு வெட்டிக் குடியேறிய காலத்தையும், தடைக் காலத்தையும், மீளக்குடியமர்ந்த காலத்தையும் பெரியோர் சொல்லட்டும், இளையோர் எழுதட்டும். குளக்கட்டுக்கு மண் சுமந்தவர்கள் பெயர்ப் பட்டியல் ஒன்று இந்த மலரிலேயே வரட்டும். அவர்களை அறிந்தவர்கள் இன்னும் பத்து வருடத்துக்கு எங்களோடு இருப்பார்கள் என்று எதிர்பார்ப்பதும் ஓர் எதிர்பார்ப்பே.

இரண்டாவது: ஆண்டு விழா தோறும் பிரமுகர்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். அது நல்ல மரபு. அதில் குறை காண நான் வரவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு ஒரு பொன்னாடையை மிதிவெடி அகற்றிய ஒரு சகோதரிக்கும், இன்னொன்றை மழையென்றும் பாராமல் மின்கம்பத்தில் ஏறும் ஒரு தொழிலாளிக்கும் எடுத்து வைப்போம். அவர்கள் கூச்சப்படுவார்கள். மேடைக்கு வர மாட்டேன் என்பார்கள். கையைப் பிடித்து அழைத்து வருவோம்.

என் பேச்சை முடிக்குமுன், அந்த மாலைக்கு மறுபடியும் செல்கிறேன். அரை மணித்தியாலம் கழிந்து மின்சாரம் வந்தது. காற்றாடி சுழன்றது. நான் கைத்தொலைபேசியைத் தேடி ஓடினேன். திரும்பிப் பார்த்தேன், அம்மம்மா குமிழை நோக்கிக் கைகூப்பிக்கொண்டிருந்தார். சிறு வயதிலிருந்தே கண்ட காட்சிதான். விளக்கேற்றியதும் கும்பிடும் பழக்கத்தில் மின்குமிழையும் கும்பிடுகிறார் என்று நாங்கள் சிரிப்பதுண்டு. அன்றுதான் முதன்முறையாகக் கேட்டேன்: "அம்மம்மா, ஆரைக் கும்பிடுறியள்?"

"சாமியைத்தான் மோனை," என்றார். பிறகு சற்று யோசித்து, "அண்டைக்கு அந்தப் போஸ்ற்றில ஏறி வயர் கட்டினானே, ஒரு பெடியன்? வேர்த்து விறுவிறுத்துப்போய் நிண்டவன். ஒரு செம்பு தண்ணி குடுத்தனான். பேர் கேக்க மறந்து போனன். அவனுக்கும் சேர்த்துத்தான்," என்றார்.

பத்து வருடத்துக்கு மேலாக அவர் பெயர் தெரியாத அந்தப் பையனுக்காக மாலைதோறும் கைகூப்பி வந்திருக்கிறார். நான் அதே குமிழின் கீழ் இருந்து படித்துப் பல்கலைக்கழகம் போனேன். ஒரு நாளும் அவனை நினைக்கவில்லை. இனி நினைப்பேன் என்று உங்கள் முன் சொல்லிவிட்டேன். மூன்று நாளில் மறந்தால், என்னைக் கண்ட இடத்தில் நீங்கள் கேட்கலாம்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருள் எங்கள் ஊருக்கு என்றும் உண்டாகுக.